பங்குனியில் நிறைந்த தேன் பெட்டி ஆடியில் காலியாவது ஏன்? உண்ணித் தாக்குதலும் தடுப்பு முறைகளும்

குலசேகரம், திற்பரப்பு, அருமனை, பேச்சிப்பாறை பகுதிகளில் தேனீ வளர்ப்பு ரப்பர் மரத்தை நம்பியே நடக்கிறது. இலையுதிர்வுக்குப் பின் துளிர்க்கும் ரப்பர் இலையில், மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து மதுரம் வடிகிறது. மாசி, பங்குனியில் பெட்டிகள் நிரம்புவது இதனால்தான். ஆனால் பங்குனியில் நிறைந்திருந்த பெட்டி, மழை முடிவதற்குள் ஒரு கைப்பிடித் தேனீயுடன் நிற்பதும் உண்டு. மழை, தீவனக் குறைவு, எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி எல்லாம் காரணமாகலாம். இத்தாலியத் தேனீ வளர்ப்போர் முதலில் பார்க்க வேண்டியது உண்ணியைத்தான்.

உண்ணி எப்படிப்பட்டது?

வரோவா உண்ணி செம்பழுப்பு நிறத்தில் நண்டு போலத் தட்டையாக இருக்கும். அகலம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், கண்ணால் பார்க்கலாம். தாய் உண்ணி, புழு அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே நுழைந்து முட்டையிடும். தாயும் குஞ்சுகளும் கூட்டுப்புழுவை உறிஞ்சி வாழும். அதனால் வெளிவரும் தேனீ எடை குறைந்து, சில நாளிலேயே சாகும். உண்ணி பரப்பும் வைரஸால் சிறகு சுருங்கிப் பறக்க முடியாமலும் போகும்.

இத்தாலியத் தேனீயில் பணித்தேனீ அறை சுமார் 12 நாளும், ஆண் தேனீ அறை அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாகவும் மூடியிருக்கும். குஞ்சு வளரக் கூடுதல் நாள் கிடைப்பதால் உண்ணி ஆண் புழு அறையையே அதிகம் தேடும்.

ட்ரோபிலேலாப்ஸ் இன்னொரு வகை உண்ணி. இது மலைத்தேனீயிலிருந்து இத்தாலியத் தேனீக்கு வந்தது. நீளவாக்கில், வரோவாவைவிடச் சிறியது. அடைமேல் வேகமாக ஓடும். வளர்ந்த தேனீயை இதனால் உறிஞ்ச முடியாது. புழு இல்லாத பெட்டியில் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.

இந்தியத் தேனீ தாங்குகிறது, இத்தாலியத் தேனீ ஏன் தாங்கவில்லை?

வரோவா, நம் நாட்டு இந்தியத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்த உண்ணி. இந்தியத் தேனீ தன் உடலையும் கூட்டாளியின் உடலையும் துலக்கி உண்ணியைக் கடித்துத் தள்ளும்; தாக்கப்பட்ட பணித்தேனீப் புழுவை வெளியே எடுத்தெறியும். ஆண் புழு அறையில் மட்டுமே உண்ணி பெருகும். ஆண் புழு கிடைக்கும் காலம் குறைவு என்பதால் உண்ணி கட்டுக்குள் இருக்கும்.

1991-92-ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் இம்மாவட்டத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. அதன் பிறகே இப்பக்கங்களில் இத்தாலியத் தேனீ பரவியது. தேன் மகசூல் கூடியது. ஆனால் இத்தேனீக்கு உண்ணியை விரட்டும் பழக்கம் குறைவு. பணித்தேனீ அறையிலும் உண்ணி பெருகும். அந்தக் காவல் வேலையை வளர்ப்பவர்தான் செய்ய வேண்டும்.

மழைக்காலத்தில் ஏன் சாகிறது?

தேன் வரத்துக் காலத்தில் தேனீயும் உண்ணியும் சேர்ந்தே பெருகும். தேனீ அதிகம் இருப்பதால் உண்ணி கண்ணில் படாது. மழை தொடங்கியதும் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். புழு குறைந்தாலும் உண்ணி குறையாது. இருக்கும் சில அறைகளில் எல்லாம் கூடும். பிறக்கும் தேனீயில் பெரும்பாலானவை நோஞ்சானாக வர, பெட்டி சரியும். ஆடியில் தெரியும் சேதம் சித்திரையிலேயே தொடங்கியிருக்கும்.

எப்படிச் சோதிப்பது?

1. ராணி இல்லாத புழு அடையிலிருந்து அரை டம்ளர் தேனீயை, சுமார் 300, வலை மூடி போட்ட பாட்டிலில் எடுக்கவும்.
2. இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு மெல்ல உருட்டி, இரண்டு நிமிடம் வைக்கவும்.
3. பாட்டிலைக் கவிழ்த்து வெள்ளைத் தாளில் குலுக்கி, உதிர்ந்த உண்ணிகளை எண்ணவும். தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விடலாம்.

300 தேனீக்கு 9 உண்ணி, அதாவது நூற்றுக்கு 3 இருந்தால், உடனே நடவடிக்கை தேவை. மூடிய ஆண் புழு அறைகள் சிலவற்றைத் திறந்தும் பார்க்கவும்.

இறந்த புழு தலையை உயர்த்தி, நீர் நிறைந்த பை போலக் கிடந்தால் அது சாக் புரூட். உண்ணி மருந்து அதற்குப் பலன் தராது.

கட்டுப்படுத்தும் முறைகள்

- மூடிய ஆண் புழு அடைகளை அறுத்தெடுத்து அழிக்கவும். செலவில்லாத முறை இது.
- தேன் எடுத்து முடித்த பின், ராணியை 21 நாள் கூண்டில் அடைத்து, ஆண் புழு அடையையும் நீக்கினால் பெட்டியில் புழு இருக்காது. ட்ரோபிலேலாப்ஸ் ஒழியும். வரோவா முழுவதும் தேனீ மேல் வந்துவிடுவதால் அப்போது மருந்து நன்றாக வேலை செய்யும்.
- 85 சத ஃபார்மிக் அமிலம் 5 மில்லியை, பஞ்சுத் திரி வைத்த சிறு கண்ணாடிக் குப்பியில் பெட்டிக்குள் வைக்கவும். மாலையில் வைத்து, தினமும் நிரப்பி, இரண்டு வாரம் தொடரவும். திரி தேனீயைத் தொடக்கூடாது. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். கடும் வெயிலில் வைத்தால் ராணி சாக வாய்ப்புண்டு.
- ட்ரோபிலேலாப்ஸுக்கு, சட்டத்துக்கு 200 மில்லிகிராம் வீதம் கந்தகத் தூளைச் சட்டத்தின் மேல்கட்டையில் தூவலாம்.
- மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கவும். மெலிந்த குடும்பத்தைச் சோதிக்காமல் மற்றொன்றோடு சேர்த்தால் உண்ணியும் சேர்ந்தே போகும்.

எப்போது செய்வது?

கடைசித் தேன் எடுத்தவுடன், மழைக்கு முன் ஒருமுறை சோதியுங்கள். கார்த்திகை, மார்கழியில் மறுமுறை. மருந்து தேவைப்பட்டால் ரப்பர் துளிர்க்கும் முன்பே முடித்துவிடுங்கள். தேன் அறை பெட்டியில் இருக்கும்போது எந்த மருந்தும் வேண்டாம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எக்காரணம் கொண்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மார்த்தாண்டம் தேன் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒருவர் தேனில் மருந்து எச்சம் இருந்தாலும் பெயர் கெடுவது எல்லோருக்கும்.

சந்தேகம் இருந்தால் உண்ணி ஒட்டிய புழு அடைத் துண்டை மூடிய டப்பாவில் எடுத்து, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். எந்த உண்ணி என்று தெரிந்த பிறகு மருந்து வாங்கலாம்.