விடுமுறை நாள் கூடுதல் கூலி (கைத்தொழில்கள்)

விடுமுறை நாள் கூடுதல் கூலி என்பது வார ஓய்வு நாளிலும், தேசிய விடுமுறை, பண்டிகை விடுமுறை நாட்களிலும் செய்யப்படும் வேலைக்கு வழக்கமான கூலியைவிட உயர்த்தி வாங்கப்படும் கூலி ஆகும். பிளம்பர், எலக்ட்ரீசியன், தச்சர், கொத்தனார், வெல்டர், மோட்டார் பழுதுபார்ப்பவர் போன்ற கைத்தொழிலாளர்களிடையே இந்த வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் ஒன்றரை மடங்கு அல்லது இரு மடங்கு என்ற கணக்கில் இது அமையும்.

மிகைநேரக் கூலியும் விடுமுறைக் கூலியும்

இவ்விரண்டையும் பலர் ஒன்றாகக் கருதுகின்றனர். இரண்டும் வேறு வேறானவை. மிகைநேரக் கூலி என்பது வேலை செய்த மணிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. வரையறுத்த நேரத்தைத் தாண்டினால் அது கிடைக்கும். விடுமுறைக் கூலி எந்த நாளில் வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. பொங்கலன்று இரண்டு மணி நேரம் மட்டும் வேலை செய்தவர் மிகைநேரம் செய்தவர் ஆகமாட்டார். ஆனால் விடுமுறைக் கூலிக்கு உரியவர் ஆவார்.

வரலாறு

வார ஓய்வு நாள் இருந்தால்தான் அந்த நாளுக்குத் தனி விலை இருக்க முடியும். இந்தியாவில் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை எளிதில் கிடைத்துவிடவில்லை. பம்பாய் நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோக்கண்டே 1880-களில் தொடர்ந்து குரல் கொடுத்தார். அதன் பயனாக 1890-இல் பம்பாய் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை ஏற்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் வார ஓய்வு குறித்த உடன்படிக்கையை நிறைவேற்றியது; இந்தியா 1923-இல் அதை ஏற்றது. ஓய்வு உரிமையாக ஆன பிறகே, அந்த ஓய்வை விட்டுக்கொடுப்பவருக்கு ஈடு தரவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது.

இந்தியச் சட்டங்களில்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரு மடங்கு கூலி என விதித்தது. ஞாயிறன்று வேலை வாங்கினால் அதற்கு முன்னோ பின்னோ உள்ள மூன்று நாட்களுக்குள் ஒரு முழுநாள் விடுமுறை தரவேண்டும் என்றும் அது கூறியது. அதாவது, ஞாயிறு என்பதற்காக மட்டுமே இரு மடங்கு கிடைப்பதில்லை. மாற்று விடுமுறை தரப்பட்டு, மணிக்கணக்கும் வரம்புக்குள் இருந்தால் வழக்கமான கூலிதான். 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் மிகைநேரத்துக்கு இரு மடங்குக்குக் குறையாத கூலியையே குறிப்பிடுகிறது.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம் முக்கியமானது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், அவற்றுடன் ஐந்து பண்டிகை நாட்களும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைகள். அந்நாளில் வேலை செய்பவருக்கு இரு மடங்கு ஊதியம் கிடைக்கவேண்டும்; அல்லது அன்றைய ஊதியத்துடன் ஊதியமுள்ள மாற்று விடுமுறை ஒன்று கிடைக்கவேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. வார இறுதி, விடுமுறை என்பதற்காகக் கூடுதல் தரவேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. ஆனால் அங்குள்ள கட்டுமானத் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரு மடங்கு எழுதப்பட்டிருக்கும். ஆஸ்திரேலியாவில் வார இறுதிக்கும் பொது விடுமுறைக்கும் தனி ஊதிய விகிதங்கள் தொழில்வாரியாக உள்ளன. 2017-இல் சில்லறை வணிகம், துரித உணவு போன்ற துறைகளில் ஞாயிறு விகிதத்தைக் குறைக்க அந்நாட்டு ஆணையம் முடிவெடுத்தபோது நாடெங்கும் பெரிய விவாதம் எழுந்தது.

தனித்து வேலை செய்வோர்

மேற்கண்ட சட்டங்கள் எல்லாம் முதலாளி, தொழிலாளி என்ற உறவுக்கு உரியவை. வீட்டுக்கு வந்து குழாய் பழுது பார்க்கும் பிளம்பருக்கு முதலாளி யாரும் இல்லை. எனவே அவருடைய கூலியைப் பேச்சே தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டுக் கட்டடப் பணிகளில் சனிக்கிழமை மாலை வாரக் கூலி பட்டுவாடா ஆகும், ஞாயிறு ஓய்வு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் குடும்பத்தோடு இருக்கக் கிடைக்கும் நாள் அது ஒன்றுதான். ஆனால் வேலைக்குப் போகும் வீட்டுக்காரர்களுக்கும் வீட்டில் இருந்து பழுது பார்க்க வைப்பதற்கு வசதியான நாள் அதே ஞாயிறுதான். இரு தரப்பின் தேவையும் ஒரே நாளில் மோதுகின்றன. பொங்கல், தீபாவளி நாட்களில் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் ஆள் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. ஆயுத பூசையன்று கருவிகளைப் பூசையில் வைத்துவிட்டு எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னாலும் வருவதில்லை.

கூடுதல் கூலி கேட்பதற்குத் தொழிலாளி தரப்பில் உள்ள காரணங்கள் இவை:

1. இழந்த ஓய்வுக்கு ஈடு.
2. ஹார்டுவேர் கடைகள் மூடியிருப்பதால் பொருள் தேடி அலையும் நேரமும் பெட்ரோல் செலவும்.
3. விடுமுறையில் வரும் உதவியாளருக்குத் தரவேண்டிய கூடுதல் பணம்.
4. திங்கட்கிழமை வரை பொறுக்கக்கூடிய வேலைகள் தாமாகவே தள்ளிப்போய், அவசர வேலைக்கு ஆள் கிடைப்பது.

கணக்கிடும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

வார நாளில் ஒரு பிளம்பர் வந்து பார்ப்பதற்கு 150 ரூபாயும், மணிக்கு 200 ரூபாயும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை 2 மணி நேரம். மாற்றிய பொருள்களின் விலை 320 ரூபாய். மொத்தம் 150 + 400 + 320 = 870 ரூபாய்.

அதே வேலை ஞாயிறன்று ஒன்றரை மடங்கு கூலியில் நடந்தால், வருகைக்கு 225, வேலைக்கு 600, பொருளுக்கு அதே 320. மொத்தம் 1,145 ரூபாய். மொத்தப் பில்லையும் ஒன்றரை மடங்காக்கினால் 1,305 ரூபாய் ஆகிவிடும். இதில் 160 ரூபாய் பொருளின் மீது ஏற்றப்பட்டது. இது முறையன்று. பொட்டலப் பொருள்களை அவற்றின் மீது அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. கூடுதல் என்பது உழைப்புக்கு மட்டுமே.

உதவியாளரின் பங்கு

இந்தப் பொருளில் அதிகம் பேசப்படாத பகுதி இது. மேற்கண்ட கணக்கில் பிளம்பர் கூடுதலாகப் பெறுவது 275 ரூபாய். அவருடன் வரும் உதவியாளருக்கு வார நாளில் இவ்வேலைக்கு 120 ரூபாய் தருவதானால், ஞாயிறன்று 180 ரூபாய் தரவேண்டும். அவனும் தன் ஓய்வை விட்டுத்தான் வந்திருக்கிறான். வீட்டுக்காரரிடம் ஒன்றரை மடங்கு வாங்கிக்கொண்டு உதவியாளருக்குப் பழைய 120 ரூபாயையே தரும் வழக்கமும் காணப்படுகிறது. எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லாத உதவியாளர் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. விடுமுறைக் கூலி ஓய்வுக்கான ஈடு என்றால், ஓய்வை இழந்த எல்லோருக்கும் அது சேரவேண்டும்.

பின்பற்றத்தக்க நடைமுறைகள்

* கூடுதல் கூலியைத் தொலைபேசியிலேயே, வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும். ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் வாங்குவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யத்தக்கது.
* மின்கசிவு, டேங்க் உடைப்பு போன்ற ஆபத்தில் இருப்பவரிடம் வழக்கமான விடுமுறை விகிதத்தையே வாங்கவேண்டும். அவருடைய பதற்றத்துக்கு விலை போடக்கூடாது.
* தான் முன்பு செய்த வேலையில் ஏற்பட்ட குறையைச் சரிசெய்யக் கூடுதல் கூலி கேட்கக்கூடாது.
* வீட்டுக்காரரும் பொறுக்கக்கூடிய வேலையா என்று யோசித்து அழைக்கவேண்டும். வால்வை மூடி வைத்தால் திங்கள் வரை தாங்கும் கசிவுக்கு ஞாயிறு ஆள் தேவையில்லை.
* பில்லில் கூலி, விடுமுறைக் கூடுதல், பொருள் விலை மூன்றையும் தனித்தனியாக எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது.