கைத்தறி வீட்டுக் கிறிஸ்துமஸ் பரிசுகள்

மார்கழி பிறந்து பத்தாம் நாள் கிறிஸ்துமஸ் பண்டிகை வருகிறது. வைகையின் வடகரையில், தறியோசை கேட்டு வளர்ந்த நமது செல்லூரில், இப்பண்டிகை கிறிஸ்தவ அன்பர்களின் இல்லங்களோடு நிற்பதில்லை. தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து சென்ற பலகாரத் தட்டு, கிறிஸ்துமஸுக்கு மறுவீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் சுமந்து திரும்பி வருகிறது. வெறும் தட்டைத் திருப்பி அனுப்புவது நம்மவர் வழக்கமன்று. ஆகவே, பரிசளிக்கும் கவலை எல்லா மதத்தினருக்கும் உரியதே.

கவலை என்று நாம் சொல்வதற்குக் காரணமுண்டு. வடகிழக்குப் பருவமழையின் பின்பகுதியில் இப்பண்டிகை வந்து சேர்கிறது. வெயில் காயாத நாட்களில் பாவுக்குப் போட்ட கஞ்சி உலர்வதில்லை; குழித்தறியில் ஈரம் ஏறுகிறது. 2024 அக்டோபர் இறுதியில் பெய்த பெருமழையில் செல்லூர்க் கண்மாயை ஒட்டிய தெருக்களில் நீர் புகுந்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுற்றுப்புறத்துக் கரிசல் நிலங்களில் மானாவாரிப் பருத்தியோ அப்போது செடியாகத்தான் நிற்கும். பஞ்சு வீடு வந்து சேரத் தை, மாசி ஆகிவிடும். கையில் காசு குறைந்துள்ள மாதத்தில் கடைவீதியின் விளக்குகள் மட்டும் பெருகுகின்றன. உறவினர் குழந்தைக்கு ஒரு பொம்மை, சம்பந்தி வீட்டுக்கு ஒரு பெட்டி என்று வட்டிக்கு வாங்கிச் செலவிட்ட பணத்தைச் சித்திரை வரை அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். பொம்மை உடைந்து போகிறது, வட்டி உடைவதில்லை.

ஊருக்கெல்லாம் துணி நெய்து கொடுக்கும் நமக்கு, நம் கையால் ஒன்று செய்து கொடுக்க ஏனோ கூச்சமாக இருக்கிறது. 1947 நவம்பர் 20ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குத் திருமணம் நடந்தபோது, காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் பின்னிய துணியொன்றைப் பரிசாக அனுப்பினார். அதன் நடுவில் ‘ஜெய் ஹிந்த்’ என்ற சொற்கள் பின்னப்பட்டிருந்தன. பொன்னும் மணியும் குவிந்த அரண்மனைக்குப் பருத்தி நூல் சென்றது. 1921 செப்டம்பரில் இதே மதுரையில் அரையாடை பூண்டவரல்லவா அவர்! அரண்மனைக்கு ஏற்றதாயிருந்த பருத்தி, அடுத்த தெருவில் இருக்கும் அத்தைக்கு ஏற்காதா என்பதே நம் கேள்வி.

செய்முறைக்குப் புகுமுன் ஒரு சொல். சங்கம் நிறுத்துக் கொடுக்கும் நூல் சங்கத்தின் சொத்து. துணியாக நிறுத்துத் திரும்பவேண்டியது. அதில் ஒரு சிட்டத்தைப் பரிசுக்கென்று ஒதுக்குவது பிறர் பொருளை நாம் தானம் செய்வதாகும். பாவு முடிந்து புதுப் பாவு பிணைக்கும்போது அறுத்துத் தள்ளும் நூலும், சேதாரமெனக் கணக்கில் கழிக்கப்பட்ட நூலுமே நமக்கு உரியவை. அவற்றிலும் சங்கத்தாரைக் கேட்டு எடுப்பதே முறை. பழுதென ஒதுக்கிய துண்டுகளை விலைகொடுத்து வாங்கினாலும் செலவு அதிகமாகாது.

அத்தகைய வெள்ளைத் துண்டில் சுங்குடிக் கைக்குட்டை செய்யலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் நயமெல்லாம், சௌராஷ்டிரப் பெண்மணிகள் நகநுனியால் துணியைக் கிள்ளி நூல் சுற்றும் முடிச்சில் இருக்கிறது. அவர்களுடைய வேகமும் நுட்பமும் நமக்கு வாரா. எனினும், ஒரு கைக்குட்டைக்கு ஐம்பது முடிச்சுப் போட முடியாதவர் யார்? முதலில் சலவைச் சோடா இட்ட நீரில் துணியைக் கொதிக்கவைத்துக் கஞ்சியை அகற்றவேண்டும். கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தியபின் முடிச்சிட்டு, இரும்புநீரில் சிறிதுநேரம் தோய்த்தால் துணி கருக்கும். முடிச்சவிழ்த்த இடங்களில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரியும். துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டு, இரண்டு மூன்று வாரம் மண்பானையில் புளிக்கவைத்ததே இரும்புநீர். ஆதலால் கார்த்திகைத் தொடக்கத்திலேயே பானையை வைத்துவிடவேண்டும். நாற்றம் இருக்கும், புழக்கடையில் வையுங்கள். நீர் கடுமையாக இருந்தால் நாளடைவில் இழை இற்றுப்போகும். எனவே தோய்த்தபின் பலமுறை அலசுதல் அவசியம்.

மஞ்சளையோ பெயர் தெரியாத சாயப்பொடியையோ நம்பவேண்டாம். ஓராண்டு நாம் அவசரத்தில் ஒரு பொடியைக் கரைத்துச் சிவப்புக் கைக்குட்டை செய்து நண்பரொருவருக்கு அளித்தோம். அவர் அதை வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆலயம் சென்றார், வழியில் மழை. புதுச்சட்டையின் நெஞ்சுப்பக்கம் முழுவதும் சிவந்துவிட்டது. அவர் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய வீட்டம்மாள் சொல்லித்தான் பொங்கலன்று தெரிந்தது. அன்றுமுதல், எதைக் கொடுப்பதாயினும் அதன் மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகே கொடுக்கிறோம்.

குழந்தையுள்ள வீட்டுக்கு நட்சத்திரக் கூடு போல் மகிழ்ச்சி தருவது வேறில்லை. ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் சிம்புகளை ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரங்கள் செய்து, ஐந்து முனைகளையும் ஒன்றாகப் பிணைக்கவேண்டும். உட்புறத்து ஐந்து மூலைகளில் சாண் அளவுக் குச்சியைச் செருகினால் கூடு உப்பி நிற்கும். வழக்கமாக இதன்மேல் வண்ணத்தாள் ஒட்டுவார்கள்; மழைச்சாரலில் தாள் ஒரே இரவில் கிழிந்துவிடும். மெல்லிய பழுதுத்துணியை மைதாப் பசையால் ஒட்டினால் பண்டிகைக் காலம் முழுவதும் தாங்கும்; ஒளியும் இதமாகக் கசியும். உள்ளே சூடேறாத எல்.இ.டி. விளக்கே இருக்கட்டும். அகல்விளக்கு ஆகாது.

விவசாய அங்கத்தினர்களுக்கு நூல் இல்லையே என்ற குறை வேண்டாம். மானாவாரி நிலக்கடலை பிடுங்கி உலர்த்தி வீட்டில் இருக்கும் காலம் இது. வறுத்துத் தோல் நீக்கிய கடலையோடு வெல்லப்பாகு சேர்த்த உருண்டை, நகரத்துக் கடையில் விற்கும் எந்தக் கேக்குக்கும் தாழ்ந்ததன்று. எமக்கு அதுவே உயர்ந்ததும்கூட. பாகைத் தண்ணீரில் சொட்டினால் கெட்டியாகி, தட்டில் எறிந்தால் ஓசை எழவேண்டும், அதுவே பதம். மார்கழி ஈரத்தில் உருண்டை பிசுபிசுத்துவிடும். அதனால் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பிடித்து, ஆறியவுடன் இறுக மூடிய தகர டப்பாவில் வைக்கவேண்டும். துணிப்பையிலிட்டுக் கொடுப்பது கொடுக்கும் அன்று காலையில்தான். அந்தப் பையை நெசவாள அங்கத்தினர் தைத்துக் கொடுத்தால், பைக்குப் பதிலாக அவருக்கு அரைப்படி கடலை அளப்பது நியாயமான கணக்கு.