ராகி காயும் சாலையில் ஞாயிறு சவாரி

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் பெங்களூர் இளைஞர்கள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளாக இருப்பதில்லை. மற்ற நாட்களில் ஏழு மணிக்கும் எழ மனமில்லாதவர்கள் அன்று நாலரை மணிக்கே எழுந்து விடுகிறார்கள். மோட்டார் சைக்கிளைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்றுதான் கிளப்புகிறார்கள். வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பது ஒரு காரணம். "இந்தப் பனியில் எங்கேடா கிளம்பிவிட்டாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பலாம் என்பது மற்றொரு காரணம்!

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளிலிருந்தும் இப்படிப் புறப்படுகிறவர்கள் குறைவல்ல. தனியாகப் போகிறவர்கள் உண்டு. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து போவதும் உண்டு. மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, பிளாஸ்கில் காப்பியோடு கிளம்புகிற நடுத்தர வயதினரையும் காணலாம். இவர்கள் தேடிப் போவது கோயிலையோ அணையையோ அல்ல; சாலையைத்தான். அதிலும் நான்கு வழி நெடுஞ்சாலை அல்ல. கிராமங்களை ஒன்றோடொன்று இணைக்கும், ஒரு பஸ்சும் ஒரு மாட்டு வண்டியும் ஒதுங்கி வழிவிட வேண்டிய சிறு சாலை.

கூதிரின் கொடை

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூர் மேட்டு நிலத்தில் அந்தச் சொல்லின் பொருளை இன்றும் உடம்பால் உணரலாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பெய்து ஓய்ந்த நேரம் அது. மண்ணில் ஈரம் இருக்கும், புழுதி எழாது. ஏரிகளில் தண்ணீர் நிற்கும். விடியலில் அந்த ஏரிகளின் மீது எழும் பனிமூட்டம் தாழ்வான சாலைகளை மூடிக்கொள்ளும். மேட்டில் ஏறினால் வெளிச்சம், பள்ளத்தில் இறங்கினால் மூட்டம் என்று மாறி மாறி வரும்.

மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குக் கண்ணாடிச் சுவர் கிடையாது. ஏரிக்கரை வரும்போது குளிர் முகத்தில் அறைவதும், ஊர் நெருங்கும்போது விறகுப் புகை நாசியில் ஏறுவதும், மொச்சைக் கொல்லையைக் கடக்கையில் பூவின் வாசனை சட்டையில் ஒட்டுவதும் அவருக்கே வாய்க்கும். கார்க்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

முன்பெல்லாம் நந்தி மலைதான் எல்லோருக்கும் இலக்கு. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1,478 மீட்டர் உயரம். மேகத்துக்கு மேலே சூரியோதயம். ஆனால் அந்தப் புகழே அதற்கு வினையாகிவிட்டது. சனி, ஞாயிறு அதிகாலையில் அடிவாரத்திலேயே வாகனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நகரத்து நெரிசலை விட்டு வந்தவர் மலையடியில் மீண்டும் நெரிசலில் நிற்பானேன்? ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் கிழக்கே திரும்புகிறார்கள். பழைய மெட்ராஸ் சாலையில் ஹொசகோட்டை வரை போய், விடிவதற்கு முன்பே ஆவி பறக்கும் பிரியாணிக்காக வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு (சிலர் அந்த வரிசையிலேயே சேர்ந்தும்விட்டு), மாலூர்ப் பக்கம் இறங்கி, மாஸ்தி, பங்காருப்பேட்டை என்று சுற்றுகிறார்கள்.

கன்னடச் சிறுகதையின் முன்னோடி என்று போற்றப்படும் மாஸ்தி வெங்கடேச ஐயங்காருக்குப் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் அந்த மாஸ்திதான். 1891-ல் பிறந்து 1983-ல் ஞானபீட விருது பெற்ற அவருடைய தாய்மொழி தமிழ் என்பது இந்தச் சாலையில் போகும் தமிழருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இன்னும் கிழக்கே சென்றால் கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்த் தமிழர்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள். ஞாயிறு சவாரி அவர்களில் சிலருக்கு அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் பயணமாகவும் அமைந்துவிடுகிறது.

ஜாவா காலத்துப் பழக்கம்

இது இன்று நேற்று முளைத்த மோகம் அல்ல. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960 முதல் ஜாவா மோட்டார் சைக்கிள்களை விற்றது. 1973 முதல் அதே வண்டி எஸ்டி என்ற பெயரில் வந்தது. சென்னை திருவொற்றியூரிலிருந்து என்ஃபீல்டு வந்தது. பெங்களூரின் பெரிய தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் தவணையில் ஒரு வண்டி வாங்கி, வாரம் ஆறு நாள் அதில் ஷிப்டுக்குப் போய், ஏழாம் நாள் அதே வண்டியில் குடும்பத்தோடு ஊர் சுற்றினார்கள். பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்ற காட்சி அந்நாளில் யாருக்கும் வியப்பளிக்கவில்லை. பாதுகாப்பு என்று பார்த்தால் அது தவறுதான்; ஆனால் வேகம் குறைவாக இருந்தது.

மைசூர் ஆலை 1996-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஜாவா என்ற பெயர் 2018-லும், எஸ்டி என்ற பெயர் 2022-லும் புதிய வண்டிகளில் திரும்பி வந்தன. வந்த வண்டிகளுக்கு வேகம் அதிகம். ஆனால் அவை ஓடப்போகும் கிராமச் சாலை அகலமாகிவிடவில்லை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சாலையே களம்

ஆடியில் விதைத்த ராகி கார்த்திகையில் அறுவடைக்கு வரும். நாட்டிலேயே ராகி அதிகம் விளைவது கர்நாடகத்தில்தான். அறுத்த கதிரைக் காயவைத்து, போர் போட்டு, பிறகு அடித்துத் தூற்ற வேண்டும். ஒரு காலத்தில் இதற்கென்று ஊருக்கு ஊர் களம் இருந்தது. தரையைச் சாணியால் மெழுகி, கதிரைப் பரப்பி, மாடு பூட்டிய கல் உருளையை வட்டமாக ஓட்டுவார்கள். தானியம் உதிரும், தாள் நசுங்கி மிருதுவாகும். அந்தத் தாள்தான் ஆண்டு முழுவதும் மாட்டுக்குத் தீனி. கோலார்ப் பக்கத்துக் குடியானவருக்குக் கையில் காசு பார்க்க வைப்பது பால். பாலுக்கு ஆதாரம் அந்தத் தாள்.

பின்னர் குடும்பங்கள் பாகம் பிரிந்தன. களம் இருந்த இடம் வீட்டு மனையாயிற்று. உழவு மாடுகள் குறைந்தன. கல் உருளை ஆலமரத்தடியில் கிடக்கிறது. கதிரடிக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும், அரை ஏக்கர் ராகிக்கு அதை அழைப்பது கட்டுப்படியாவதில்லை. அப்போது கண்ணில் படுவது வீட்டு வாசலிலேயே கிடக்கும் தார்ச்சாலை. வெயிலில் சூடேறும், சமமாக இருக்கும், கதிரைப் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிகளே கூலி வாங்காமல் மிதித்துக் கொடுத்துவிடும். ராகி மட்டுமல்ல, கொள்ளும் இப்படியே கார்த்திகையில் தொடங்கித் தை வரை சாலையில் கிடக்கும்.

சாலையில் தானியம் காயப்போடக் கூடாது என்று அதிகாரிகள் எச்சரிப்பதும், ஊரார் கேட்டுக்கொள்வதும், மறுநாள் கதிர் மீண்டும் சாலைக்கு வருவதும் வழக்கமாக நடப்பவைதாம். களம் கட்டிக்கொள்ள அரசுத் திட்டங்களில் உதவியும் அளிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் களம் கட்ட முதலில் இடம் வேண்டுமே! 2025-26-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஒரு மூட்டை ராகி வீணானால் அந்த வீட்டில் அது சின்ன நஷ்டம் அல்ல.

வைக்கோலுக்கு அடியில் ஆபத்து

மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு இந்தக் காட்சி கண்ணுக்கு இனிது; சக்கரத்துக்கு எமன். ராகி மணி கடுகைப் போல் சிறியது, உருண்டையானது. தாரின் மேல் அது சிதறிக் கிடந்தால் டயருக்கும் தரைக்கும் நடுவில் ஆயிரம் குண்டுகளை உருட்டிவிட்டது போலாகும். அதன் மேல் தாள் மூடியிருந்தால், பள்ளம் இருப்பதும் தெரியாது. கதிர் காற்றில் பறக்காமல் இருக்க வைத்த கல்லும் தெரியாது. விடியலின் பனி அதை நனைத்திருந்தால் வழுக்கல் இரட்டிப்பாகும்.

125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் பிடிமானமே இல்லாத இடத்தில் எந்தப் பிரேக்கும் வண்டியைச் சட்டென்று நிறுத்திவிடாது. உதிரித் தாளின் மேல் நிற்பதற்கு நல்ல தார்ச்சாலையைவிடக் கூடுதல் தூரம் பிடிக்கும்.

கொள்ளுக் கொடியின் தொல்லை வேறு விதம். நீண்ட கொடி சக்கரத்திலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும். காய்ந்த சருகு சூடான சைலன்சரில் ஒட்டினால் தீயும் பிடிக்கும். கர்நாடகத்தில் அடிப்பாகத்தில் கொள்ளுத்தாள் சிக்கிக் கார்கள் எரிந்துபோனதும் உண்டு.

செய்ய வேண்டியது எளிது. தாளைக் கண்டதும், அதில் ஏறுவதற்கு முன்பே, நல்ல தாரில் இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன் மேல் போகையில் பிரேக்கைத் தொடாமல், கைப்பிடியைத் திருப்பாமல், தாழ்ந்த கியரில் நேராகச் செல்ல வேண்டும். கொள்ளுக் கொடியாக இருந்தால் ஓரத்தில் விட்டிருக்கும் இடத்தில் போவதே நல்லது. இடமில்லையேல் இறங்கித் தள்ளலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தாண்டியதும் ஒரு நிமிடம் நின்று சக்கரத்தையும் சைலன்சரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தாளைப் புரட்டிக் கொடுக்க ஒரு பாட்டியோ, பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையோ சாலை நடுவே குனிந்திருப்பார்கள். அவர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். வளைவில் அறுபது மைல் வேகத்தில் வருகிறவரால் தானும் பிழைக்க முடியாது. அவர்களையும் பிழைக்கவிட முடியாது. காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் பால் சங்கத்துக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்களும் இதே சாலையில்தான் வருகிறார்கள்.

யானையும் ராகிக்கு வரும்

தெற்கே ஆனேக்கல்லைத் தாண்டித் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று தமிழக எல்லைக்குள் போகும் சாலைகள் இன்னும் அழகானவை. காடும் கொல்லையும் மாறி மாறி வரும். ஆனால் ராகி முற்றும் வாசனை யானைக்கும் தெரியும். பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் இறங்குவது ஆண்டுதோறும் இதே மாதங்களில்தான். இரவெல்லாம் கொல்லையில் மேய்ந்துவிட்டு, விடியும் நேரத்தில் சாலையைக் கடந்து காட்டுக்குத் திரும்பும். இங்குள்ள காட்டின் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே இந்தத் திசையில் போகிறவர்கள் சூரியன் நன்றாக எழுந்த பிறகு காட்டுப் பகுதிக்குள் நுழைந்து, மாலை வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறிவிடுவது நல்லது. உள்ளூர்க்காரர் கையை உயர்த்தி நிறுத்தினால் நிற்க வேண்டும். அவர் இரவெல்லாம் கொல்லையில் பரண்மேல் காவல் இருந்தவராக இருக்கலாம். யானை எங்கே நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

புறப்படுமுன்

டயரில் காற்று, செயினில் எண்ணெய், பிரேக், கிளட்ச் கம்பி, முகப்பு விளக்கு இவற்றை முதல்நாள் மாலையே பார்த்துவிட வேண்டும். கிராமத்தில் ஞாயிறன்று பஞ்சர் கடை திறந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல. பின்னால் அமர்பவருக்கும் கர்நாடகத்தில் 2016 முதல் கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குவது அவசியம். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரையே அதிர வைப்பது சிலருக்கு வீரமாகப்படுகிறது. தொழுவத்தில் கட்டிய மாடு மிரண்டு கயிற்றை இழுத்துக் கழுத்தைக் காயப்படுத்திக்கொள்வதை அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் கிராமத்து மக்கள் ஞாயிறு சவாரிக்காரர்களை வெறுக்கிறவர்கள் அல்லர். நின்று, வண்டியை அணைத்துவிட்டு, வழி கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள். இந்தப் பகுதியில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்தே ஒலிக்கும். எந்த மொழியில் கேட்டாலும் ஏதோ ஒன்றில் பதில் வரும். தெருவோரக் கடையில் டீ குடித்தால் அந்தக் காசு ஊரில் தங்கும். மார்கழி நெருங்கிவிட்டால் கொல்லையோரத்திலேயே பச்சை மொச்சைக் காயைக் குவித்து விற்பார்கள். பனி விழுந்த காய்க்குத்தான் மணம் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. நகரத்துச் சந்தையில் அதற்கு என்ன விலை என்பதை அறிந்தவர்கள் பேரம் பேசாமல் இரண்டு கிலோ வாங்கி, பின்சீட்டில் கட்டிக்கொண்டு திரும்புகிறார்கள். விடியலில் சொல்லாமல் கிளம்பிய குற்றத்துக்கு வீட்டில் மன்னிப்புக் கிடைக்க அதைவிடச் சிறந்த வழியும் இல்லை.