பழைய கார் வாங்குமுன் எஞ்சின் தகட்டைப் பாருங்கள்

பதுளையில் உதிரிப்பாகக் கடை நடத்திவரும் நான் இடைக்கிடை பழைய வாகனங்களையும் வாங்கி விற்பதுண்டு. வாப்பா காலத்திலிருந்தே எமது வாடிக்கையாளர்கள் தோட்டத்து ஆட்கள்தான். ஸ்பிரிங்வெலி, மடுல்சீமை, லுணுகலைப் பக்கமிருந்து லேண்ட் ரோவருக்கும் மொரிஸ் மைனருக்கும் சாமான் தேடி வருவார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு வெள்ளைக்காரத் துரைமாரில் எஞ்சியிருந்தோரும் கப்பலேற, அவர்கள் ஓடிய கார்கள் தோட்டத்துக் கிளாக்கர்மாரிடமும் டவுன் முதலாளிமாரிடமும் கைமாறின. அவற்றில் சில இன்னும் ஊவா மலைகளில் ஓடுகின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய இரும்புக்கும் பெறுமதி ஏறியது. ஸ்ரீ இலக்கத் தகடு உள்ள மைனர் என்றால் கொழும்பிலிருந்து ஆள் தேடி வரும் நிலை. விலை ஏறினால் கள்ளமும் கூடவே ஏறும் என்பதை நான் எனது காசிலேயே படித்துக்கொண்டேன்.

தரகர் ஒருவர் மூலம் நான்கு கதவு மைனர் ஒன்றை வாங்கினேன். பதிவுப் புத்தகத்தில் இருந்த எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் இருந்த இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. அதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். சில வாரங்களில் காரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் வந்தார். பொனட்டைத் திறந்து, டோர்ச் அடித்து, டைனமோவுக்கு மேலே பிளாக்கில் இருந்த சிறிய தகட்டை விரலால் தடவினார். "நானா, இந்த ரிவெட் கம்பனி ரிவெட் இல்லை" என்றார்.

அவர் விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மைனரில் எஞ்சின் இலக்கம் பிளாக்கின் வலப்பக்கம் ஒரு உலோகத் தகட்டில் இருக்கும். 948 சீசீ எஞ்சினின் இலக்கம் 9எம் என்று தொடங்கும். 1962இல் வந்த 1098 சீசீ எஞ்சினுக்கு 10எம்ஏ. அதன்பின் வரும் யூ என்ற எழுத்து கியர் நடுவில் இருப்பதைக் குறிக்கும். அதையடுத்த எச் உயர் அமுக்கம், எல் தாழ் அமுக்கம். செசி இலக்கமும் இப்படித்தான் பேசும். எம்ஏஎஸ்5 என்றால் மொரிஸ், ஏ வகை எஞ்சின், நான்கு கதவு. கடைசி 5 என்பது 1098 சீசீ தொடர். அதற்கு முந்திய 948 சீசீ கார்களில் அந்த இடத்தில் 3 இருக்கும். இரண்டு கதவு என்றால் எஸ்ஸுக்கு முன்னால் 2 வரும்.

எனது காரின் செசி எம்ஏஎஸ்5. தகட்டில் 10எம்ஏ. எல்லாம் சரி. ஆனால் அவர் கிறீஸைத் துடைத்துப் பிளாக்கைக் காட்டினார். வார்ப்பிலேயே 950 என்று இருந்தது. 948 சீசீ பிளாக்! யாரோ பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு காரின் சிறிய எஞ்சினைப் பூட்டி, புத்தகத்தைப் பார்த்துப் புதிய தகடு அடித்திருக்கிறார்கள். எழுத்துகள் கையால் குத்தியவை, வரிசை பிசகியிருந்தது. ரிவெட்டுகளோ அலுமினியத்தில் மினுமினுத்தன. அறுபது வருட எஞ்சினில் அது மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்? நான் கேட்காத கேள்வி அது.

எஞ்சினை மாற்றுவது குற்றமல்ல. தோட்டத்தில் வேலை நிற்கக்கூடாது என்று லேண்ட் ரோவருக்கு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டியோர் பலர். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்தினால் விடயம் முடிந்தது. விலை குறையும், அவ்வளவுதான். மாற்றியதை மறைக்கத் தகடு அடிப்பதுதான் மோசடி. லேண்ட் ரோவர் வாங்குவோர் உள்ளே உள்ள தகட்டோடு நின்றுவிடாமல், முன் வலப்பக்க வில் பிடிக்கும் இடத்தில் செசியில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் பாருங்கள். எமது மலை மழையில் துரு ஏறியிருக்கும். கம்பித் தூரிகையால் மெல்லத் தேயுங்கள், கிரைண்டர் வைத்தால் இலக்கமும் போய்விடும்.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய தொல்லையல்ல. அமெரிக்காவில் பழைய மஸ்டாங் கார்களின் எஞ்சினில் இக்னிஷன் கொயில் பிடிக்கும் ஆணியின் கீழ் ஒரு சிறிய தகடு இருக்கும். ஆணியைக் கழற்றினால் தகடும் கையோடு வரும். ஆகவே விடயம் தெரிந்தவர்கள் தகட்டை மட்டும் நம்பாமல் பிளாக்கின் வார்ப்பில் உள்ள திகதிக் குறியையும் பார்க்கிறார்கள். செவர்லே கார்களில் எஞ்சின் முகப்பில் இலக்கம் குத்தும் இடத்தில் தொழிற்சாலை இயந்திரம் சீவிய மெல்லிய கோடுகள் இருக்கும். பழைய இலக்கத்தை அராவியவன் அந்தக் கோடுகளையும் அராவியிருப்பான். மொரிஸ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. கட்டணம் உண்டு. பெரிய விலைக் கார் என்றால் அந்தச் செலவு வீணல்ல.

தரகரிடம் போனேன். "நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பார்த்துத்தான் வாங்கினேன், பார்க்கத் தெரியாமல். அதே காரை அப்படியே இன்னொருவர் தலையில் கட்ட வழி இருந்தது. கடையில் வேலை செய்யும் தம்பி அதைத்தான் சொன்னான். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிளாக் வேறு, தகடு புதியது என்று பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுத்து, பண்டாரவளை ஆசிரியர் ஒருவருக்கு விற்றேன். கடையின் நான்கு மாத இலாபம் அதில் போனது. புத்தகத்தைத் திருத்தும் அலைச்சலையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

இப்போது வெலிமடையில் ஒரு குடும்பத்தார் தங்கள் மைனரை விற்க அழைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போகிறேன். நான் வரும்வரை எஞ்சினைக் கழுவ வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.