கூம்பும் கண்ணுக்கு மறுபடியும் ஒளி வைத்தியம்

தஞ்சை சரஸ்வதி மகாலுக்குப் போகிறவர்கள் ஓலைச் சுவடிகளையும் ஓவியங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் வைத்தியக் குறிப்புகளும் அங்கே உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1798 முதல் 1832 வரை பட்டத்திலிருந்த அந்த மன்னர், 'தன்வந்திரி மகால்' என்ற வைத்திய நிலையத்தை நடத்தினார். கண் நோயாளிகளின் விவரத்தை எழுதியதோடு, நோயுற்ற கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்தார்கள். நல்ல யுக்தி! இன்றைய நிலை பதிவானால்தானே நாளைக்கு வியாதி நின்றதா, முற்றியதா என்று சொல்ல முடியும்?

அந்த யுக்தி மிகவும் தேவைப்படும் வியாதி ஒன்று உண்டு. 'கெரட்டோகோனஸ்' என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் கண்ணின் முன்னே வளைந்து நிற்கும் படலம் கார்னியா. கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். சிலருக்கு வாலிப வயதில் அது மெலிந்து, கூம்பாக முன்னே தள்ளுகிறது. மூக்குக் கண்ணாடியின் 'பவர்' அடிக்கடி மாறும். ஓர் எழுத்து இரண்டாகத் தெரியும். 1854-லேயே லிவர்பூல் டாக்டர் ஜான் நாட்டிங்ஹாம் இதைப்பற்றி விரிவாக எழுதினார். ஆனால் வியாதியைத் தடுத்து நிறுத்தும் வழி நெடுங்காலம் அகப்படவில்லை. காண்டாக்ட் லென்ஸ், அதுவும் பயன்படாவிட்டால் பிறர் தானம் செய்த கார்னியா; அவ்வளவுதான்.

வழி கண்டவர்கள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள். நோயாளிகளுக்குச் செய்து கண்ட பலனை 2003-ல் வெளியிட்டார்கள். கார்னியாவின் மேல்தோலை அகற்றி, ரைபோஃப்ளேவின் என்ற மஞ்சள் மருந்தை அரைமணி நேரம் சொட்டுகிறார்கள். வேறொன்றுமில்லை, பால் திரிந்த தண்ணீரில் மஞ்சளாகத் தெரிகிறதே, அந்த வைட்டமின்தான்! பிறகு புற ஊதாக் கதிரை அரைமணி பாய்ச்சுவார்கள். மூங்கில் படலில் நெடுக்குக் குச்சிகளுக்குக் குறுக்கே குச்சி வைத்துக் கட்டுவதுபோல, கார்னியாவின் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். இழந்த பார்வை முழுதும் திரும்பாது. மேலும் இழக்காமல் காப்பதே நோக்கம்.

பெரும்பாலோருக்கு ஒரு தடவை போதும். ஆனால் கும்பகோணத்துப் பையன் ஒருவனுக்குப் பதின்மூன்று வயதில் இந்தச் சிகிச்சை நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் கழித்துக் கூம்பு மறுபடி வளர்கிறது. பெற்றோர் கலங்குவது இயற்கை. 'செலவழித்ததெல்லாம் வீணா? இன்னொரு தடவை செய்யலாமா?'

செய்யலாம். அப்படிச் செய்து வியாதி நின்ற நோயாளிகளைப்பற்றி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவசரப்படக் கூடாது. வளைவு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று கார்னியாவின் வரைபடங்களை ஒப்பிட வேண்டும். கூடுமானவரை அதே மாதிரிக் கருவியில் எடுத்தவையாக இருக்கட்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டாக்டர் சொல்லும் நாட்களுக்கு அதைக் கழற்றிவைத்துவிட்டுப் போகவேண்டும். அடுத்தது கனம். மேல்தோல் நீங்கியபின் 400 மைக்ரான் இருப்பது வழக்கமான அளவு. குறைந்தால் கதிர் உள்ளடுக்கைத் தாக்கக்கூடும். மெலிந்த கார்னியாவைத் தற்காலிகமாக உப்பச் செய்யும் சொட்டு மருந்தும் உண்டு. முதல் தடவை பட்ட வலி இந்தத் தடவையும் சில நாள் இருக்கும். தொற்றும் தழும்பும் அபூர்வமாக நேரலாம்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்கவேண்டியது பையனின் கை! கண்ணைக் கசக்குவதற்கும் இந்த வியாதிக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. நம் டெல்டாவில் தை மாதச் சம்பா அறுவடை வந்தால் உமியும் தூசியும் சொல்லி முடியாது. அறுவடை இயந்திரம் வந்தும் தூசி குறைந்தபாடில்லை. கோடையில் ஒவ்வாமையால் கண் அரிக்கும் பிள்ளைகள் வேறு. அரிப்பை அடக்காமல் ஒளி பாய்ச்சுவது, ஓட்டையை அடைக்காமல் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற கதைதான். அதற்காக மருந்துக் கடையில் நாமே 'ஸ்டீராய்டு' சொட்டு வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால், கண்ணில் அழுத்தம் ஏறி வேறு வழியில் பார்வை போகும்.

வரைபடங்களை, முதல் சிகிச்சைக்கு முன் எடுத்ததிலிருந்து ஒன்றுவிடாமல், தேதி வாரியாக ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.