விற்றபின் மீட்கும் உரிமை

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையிலும் இராஜபாளையத்துச் சுற்றுவட்டாரத்திலும் மாலை வேளைகளில் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா அணிகளின் வீரர்களை நம் உறவுக்காரர்களைப் போல வரிசையாகப் பெயர் சொல்வார்கள். எந்த வீரர் எந்த அணியிலிருந்து எவ்வளவு விலைக்குப் போனார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "பணத்துக்காக அணி மாறுகிறவர்களிடம் விசுவாசம் ஏது?" என்று பெரியவர்கள் நாம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்த விளையாட்டுச் சந்தையில் உள்ள ஒரு நிபந்தனை, நம் விசுவாச வாழ்வின் மையத்தில் இருக்கும் ஒரு சொல்லை நமக்கு நினைவூட்டுகிறது. அந்தச் சொல் 'மீட்பு'.

திரும்ப வாங்கும் நிபந்தனை

கால்பந்து வீரர் ஒருவர் ஓர் அணியோடு சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். ஒப்பந்தக் காலம் முடியும் முன்னரே வேறோர் அணி அவரை விரும்பினால், முதல் அணிக்கு ஒரு தொகை கொடுத்துத்தான் அழைத்துச் செல்ல முடியும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் வீரர் விலையின்றிப் போகலாம் என்று, போஸ்மான் என்ற பெல்ஜியம் நாட்டு வீரர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

பெரிய அணிகளின் பயிற்சிக்கூடங்களில் வளரும் இளைஞர்கள் பலருக்கு முதன்மை அணியில் இடம் கிடைப்பதில்லை. விற்றுவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கும். ஆனால் விற்றபின் அவன் பெரிய வீரனாகிவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் இருக்கும். ஆகவே ஒரு நிபந்தனையோடு விற்பார்கள்: குறிப்பிட்ட காலத்திற்குள், இன்றே பேசி முடித்த ஒரு விலையைக் கொடுத்து, அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு. வாங்கும் அணி இதற்கு இசைவதால், பெரும்பாலும் விலையிலோ வேறு வகையிலோ சலுகை கிடைக்கும். நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் அறிந்த நிபந்தனைக் கிரயம் போன்றதுதான் இது.

இந்த உரிமை இரண்டு அணிகளுக்கு இடையிலானது. என்றாலும் வீரரின் சம்மதம் இன்றி அவரை யாரும் அழைத்து வர முடியாது. புதிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட வேண்டும்.

இரண்டு வீரர்கள், இரண்டு திரும்புதல்கள்

டானி கார்வஹால் தம் பத்தாவது வயதில், 2002இல், ரியல் மாட்ரிட் அணியின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர். 2004ஆம் ஆண்டு மே மாதம் அந்த அணியின் புதிய பயிற்சி வளாகத்திற்கு அடிக்கல் நாட்டியபோது, புகழ்பெற்ற முதியவர் டி ஸ்டெஃபானோவின் அருகில் நின்று கல்லை வைத்த சிறுவன் அவர்தான். ஆனாலும் 2012இல் ஏறத்தாழ 50 இலட்சம் யூரோவுக்கு ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்கு விற்கப்பட்டார். அங்கே ஓராண்டு சிறப்பாக ஆடினார். 2013இல் மாட்ரிட் அணி தன் உரிமையைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 65 இலட்சம் யூரோ கொடுத்து அவரைத் திரும்ப அழைத்தது. பின்பு அவர் அந்த அணியோடு ஆறு முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். 2024 ஜூன் மாதம் இலண்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவரும் அவரே.

ஆல்வரோ மொராட்டாவின் கதை வேறு. 2014இல் மாட்ரிட் அவரை ஏறத்தாழ 2 கோடி யூரோவுக்கு இத்தாலியின் யுவெந்துஸ் அணிக்கு விற்றது. 2015 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் அவர் தம் பழைய அணிக்கு எதிராகவே கோல் அடித்தார். இரண்டு முறையும் துள்ளிக் குதிக்கவில்லை. வளர்த்த வீட்டிற்கு அவர் செய்த மரியாதை அது. 2016இல் ஏறத்தாழ 3 கோடி யூரோவுக்கு அவர் திரும்ப வாங்கப்பட்டார். அடுத்த ஆண்டே, 2017இல், அதைவிட மிக அதிக விலைக்கு இங்கிலாந்தின் செல்சீ அணிக்கு விற்கப்பட்டார்.

ஒரே நிபந்தனை. ஒருவருக்கு அது வீடு திரும்பும் வழியாக அமைந்தது. மற்றவருக்கு அது இன்னொரு விற்பனைக்கு இடையில் தங்கிய சத்திரமாக முடிந்தது. விசுவாசம் என்ற கேள்வியை வீரரிடம் மட்டும் கேட்பது நியாயமா? விற்றவர்களிடமும் கேட்க வேண்டாமா?

நம் சென்னையிலும்

நம் நாட்டுக் கிரிக்கெட்டிலும் இதற்கு நெருங்கிய ஓர் ஏற்பாடு உண்டு. 2018 ஐ.பி.எல். ஏலத்தில் ஒரு வீரரை வேறோர் அணி கடைசி விலைக்கு எடுக்கும் நிலையில், அவரது பழைய அணி அதே விலையைத் தந்து அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த ஏலத்தில் சென்னை அணிக்கு இப்படி இரண்டு வாய்ப்புகள் இருந்தன. அவற்றை டு பிளெஸ்ஸிக்கும் பிராவோவுக்கும் பயன்படுத்தியது. சென்னையில் பிறந்து, 2009 முதல் அந்த அணிக்காகப் பந்து வீசிய அஸ்வின் 7 கோடியே 60 இலட்சம் ரூபாய்க்குப் பஞ்சாப் அணிக்குச் சென்றார். பிறகு டெல்லி, இராஜஸ்தான் என்று ஆடி, 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் 9 கோடியே 75 இலட்சம் ரூபாய்க்கு மீண்டும் சென்னைக்கு வந்தார். 2025ஆம் ஆண்டுப் போட்டிகளில் ஆடிவிட்டு, அந்த ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எல். ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். வீடு திரும்பியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு.

இவற்றில் யாரையும் நாம் குறை சொல்லவில்லை. ஓர் அணியின் நிர்வாகம் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனிப்போம். சந்தையில் ஒருவரைத் திரும்ப வாங்குவது, அவர் ஒளிரும்போதுதான் நடக்கும். காலில் அடிபட்டு ஆட முடியாமல் கிடக்கும் வீரருக்காக, பேசி வைத்த விலையை எந்த அணியும் எளிதில் எடுத்து வைக்காது. உரிமை உண்டு, கடமை இல்லை.

விவிலியம் கூறும் மீட்பு

திருவிவிலியத்தில் மீட்பு என்பது முதலில் ஆலயத்துச் சொல் அன்று. கொடுக்கல் வாங்கலில் புழங்கிய சொல். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். வறுமையால் ஒருவர் நிலத்தை விற்றால், நெருங்கிய உறவினர் வந்து அதை மீட்க வேண்டும். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை மீட்க ஓராண்டுதான் காலம். சிற்றூர் வீட்டையோ எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். தன்னையே விற்றுக்கொண்ட மனிதனையும் அவன் சகோதரனோ, சிற்றப்பனோ, மற்ற இரத்த உறவினரோ மீட்கலாம். யாருமே வராவிட்டால், யூபிலி ஆண்டில் அவன் பிள்ளைகளோடு விடுதலை பெறுவான். 2025ஆம் ஆண்டைத் திருஅவை யூபிலியாகக் கொண்டாடியபோது நாம் நினைவுகூர்ந்த மரபு இதுதான்.

ரூத்து நூலின் 4ஆம் அதிகாரத்தில் இந்த உரிமை சோதிக்கப்படுகிறது. நகோமியின் நிலத்தை மீட்கும் முதல் உரிமை போவாசுக்கு இல்லை. வேறோர் உறவினருக்கு இருந்தது. நிலம் என்றதும் அவர் ஒப்புக்கொண்டார். கூடவே கைம்பெண்ணான ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், தம் உரிமைச்சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்கினார். இலாபக் கணக்கு ஒத்துவரவில்லை. போவாசு அந்தச் சுமையோடு சேர்த்தே மீட்டார். அந்தக் குடும்பத்தில்தான் பின்னாளில் தாவீது பிறந்தார்.

இறைவாக்கினர் ஓசேயாவோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். தம்மை விட்டுப் போன மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்துத் திரும்பக் கொண்டு வந்ததாக 3ஆம் அதிகாரம் கூறுகிறது. ஓர் அடிமைக்காக விடுதலைப் பயண நூல் 21ஆம் அதிகாரம் குறிப்பிடும் முப்பது வெள்ளிக்காசில் அது பாதி. மதிப்பு தாழ்ந்துபோன ஒருவருக்காக, தவறிழைக்கப்பட்டவரே விலை கொடுக்கிறார். சந்தையில் இப்படி ஒரு பரிவர்த்தனை நடக்காது. ஆனால் கடவுள் நம்மோடு செய்துகொண்டது இந்தப் பரிவர்த்தனையைத்தான். நாம் ஒளிர்ந்தபோது அல்ல, பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதினார். அந்த விலை பொன்னோ வெள்ளியோ அல்ல, கிறிஸ்துவின் இரத்தமே என்று பேதுருவின் முதல் திருமுகம் சொல்கிறது.

இங்கும் நம் சம்மதம் தேவை. விலை கொடுத்தவர் நம்மைக் கட்டி இழுத்து வருவதில்லை. ஒப்புரவு அருளடையாளத்தை நாடி வருபவர், அந்தச் சம்மதத்தில்தான் மீண்டும் கையெழுத்திடுகிறார்.

நம் வீட்டில் நடப்பது

அடகு வைத்த நகையை நாம் எப்படி மீட்கிறோம்? தங்கம் விலை ஏறினால் ஓடிப் போய்த் திருப்புகிறோம். வட்டி நகையின் மதிப்பைத் தாண்டிவிட்டால் ஏலத்துக்கு விட்டுவிடுகிறோம். ஆனால் தாலியை மட்டும் யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. வயிற்றைக் கட்டியாவது மீட்டுவிடுகிறார்கள் நம் தாய்மார்கள். கடவுள் நம்மைத் தாலியைப் போல மீட்டார். பங்குச்சந்தைப் பத்திரத்தைப் போல அல்ல.

நம் பங்குகளிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போயிருக்கிறார்கள். சம்பாதித்து வந்து திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பவரை வரவேற்கிறோம். அவர் பெயரைக் கல்வெட்டிலும் பொறிக்கிறோம். நல்லது. ஆனால் வேலை இழந்து திரும்பியவரை? கடன்பட்டு வந்தவரை? குடிக்கு அடிமையாகி வந்தவரை? மணவாழ்வு முறிந்து தாய் வீடு வந்த மகளை? "என்ன கொண்டு வந்தாய்?" என்பதுதானே பல வேளைகளில் நம் முதல் கேள்வியாக இருக்கிறது? ரூத்து நூலின் அந்த முதல் உறவினரைப் போல, நிலம் என்றால் சரி, சுமை என்றால் வேண்டாம் என்று நாமும் விலகிக்கொள்கிறோம்.

போனவர்களின் விசுவாசத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அனுப்பியவர்களின் விசுவாசத்தைப் பற்றியும் இனிப் பேசுவோம். நம் அன்பியக் கூட்டத்தில் இந்த மாதம் ஒரு காரியம் செய்யலாம். நம் தெருவில் தோற்றுத் திரும்பியவர் யார், கோவிலுக்கு வரக் கூச்சப்பட்டு நிற்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் வீட்டுக்கு இருவராகப் போய் வருவோம். எதுவும் கேட்க வேண்டாம். "ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குச் சேர்ந்து போகலாம், வாங்க" என்று அழைத்தால் போதும். அந்த ஓர் அழைப்புக்கு நமக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

மதில் நகரத்து வீட்டுக்கு ஓராண்டுக் கெடு இருந்தது. அணிகளின் உரிமைக்கும் கெடு உண்டு. சிற்றூர் வீட்டுக்கோ கெடு இல்லை. நம் பங்கும் அந்தச் சிற்றூர் வீடாக இருக்கட்டும். எப்போது வந்தாலும் மீட்கப்படலாம் என்ற நம்பிக்கையைத் திரும்பி வருவோருக்குத் தருகின்ற குடும்பமாய் வாழ, நம்மை விலை கொடுத்து மீட்ட ஆண்டவரிடம் வரம் வேண்டுவோம்.