பாரம் நகராது என்னும் நம்பிக்கை

கனத்த பொருள் தன் இடத்தை விட்டு எளிதில் அசையாது என்பது நம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போன நம்பிக்கை. பத்து டன் எடையுள்ள இரும்பு யந்திரம் ஒன்று லாரியின் தளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால், இனி இதை எவர் அசைக்கப் போகிறார் என்ற திருப்தியோடு, சம்பிரதாயத்துக்காக ஒன்றிரண்டு கயிறுகளைக் குறுக்கே போட்டு இறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்புகிற வழக்கத்துக்கு இந்த நம்பிக்கையே ஆதாரம். சரக்கைக் கட்டும் தொழிலாளிக்குப் பயிற்சி அளிப்பது என்றால் முடிச்சுப் போடக் கற்பிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். முடிச்சு அவசியந்தான். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பழைய நம்பிக்கை அவன் மனத்திலிருந்து விலக வேண்டும். அது விலகாதவரை, அவன் எத்தனை அழகாகக் கட்டினாலும் ஒரு சடங்கைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

அதை விலக்குவதற்குப் பெரிய சாதனங்கள் எவையும் வேண்டா. ஒரு மரப்பலகையும், ஒரே வகை மரத்தாலான இரண்டு பெட்டிகளும் போதும். ஒரு பெட்டியைக் காலியாக வைத்து, மற்றதில் இரும்புத் துண்டுகளை நிரப்பி, இரண்டையும் பலகையின்மேல் அருகருகே வைத்துப் பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்திக்கொண்டே போனால், காலிப்பெட்டி முதலில் சறுக்கும், கனத்த பெட்டி உறுதியாக நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்களே பெரும்பாலோர். நடப்பதோ வேறு. ஏறத்தாழ ஒரே கோணத்தில் இரண்டும் நழுவத் தொடங்கும். கனம் கூடக் கூடத் தளத்தைப் பிடித்துக்கொள்ளும் உராய்வு கூடுவது உண்மையே. ஆனால் அதே அளவில், பொருளைக் கீழே இழுக்கிற விசையும் கூடிவிடுகிறது. லாரி பிரேக் போடும்போதும் கதை இதுதான். வண்டி நின்றுவிடுகிறது, சரக்கோ தன் ஜடத்துவத்தால் முன்போலவே ஓடிக்கொண்டிருக்க முயல்கிறது, எடை எவ்வளவு அதிகமோ, அந்த முயற்சியும் அவ்வளவு பலமாகிறது. ஆகவே கணக்கின் இரு பக்கத்திலும் எடை நின்று ஒன்றையொன்று அடித்துவிட, மிஞ்சுவது இரண்டே விஷயங்கள்: தளம் எவ்வளவு வழுக்குகிறது என்பதும், வண்டி எவ்வளவு கடுமையாக நிற்கிறது என்பதும்.

அந்தக் கணக்கைச் சிறிது விரித்துப் பார்ப்பது நல்லது. ஏனெனில் தொழிலாளியின் கைக்குப் பயன்படும் விஞ்ஞானம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. கடுமையாக பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையுடன் முன்னோக்கிப் பாயும் என்றும், திருப்பங்களில் எடையில் பாதி அளவு விசையுடன் பக்கவாட்டில் தள்ளப்படும் என்றும் சர்வதேச விதிகள் கொள்கின்றன. அறுத்த மரத்தின் அடிப்பாகம் ஒட்டுப்பலகைத் தளத்தின்மேல் உட்கார்ந்தால், உராய்வு தருகிற பிடி எடையில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. நம் பத்து டன் யந்திரத்தை மரக்கட்டைகளின்மேல் வைத்ததாகக் கொண்டால், எட்டு டன் விசை தள்ளுகிற நேரத்தில் தளம் பிடித்துக்கொள்வது நாலரை டன். மீதி மூன்றரை டன்னை யாராவது தாங்க வேண்டும். அதைத்தான் பட்டைகளிடம் விடுகிறோம்.

லாரிக்காரர்கள் பெல்ட் என்று சொல்லும் அந்த நெய்த பட்டையின் அட்டையில், வளையமாகப் போட்டால் ஐந்து டன் தாங்கும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, ஒரே பட்டை போதுமே என்று எண்ணிவிடுவது மிகவும் சகஜம். அதே அட்டையில் சிறிய எழுத்தில் மற்றோர் எண்ணும் உண்டு. ஒரு மனிதன் தன் கையால் ராட்செட் என்ற இறுக்கியை இழுத்து இறுக்கினால் பட்டையில் உண்டாகும் இறுக்கம் சுமார் 300 முதல் 500 கிலோ வரைதான் என்பதையே அது சொல்கிறது. சரக்கின் தலைக்கு மேலே போட்ட பட்டை அதைப் பிடித்து நிறுத்துவதில்லை. தளத்தோடு சேர்த்து அழுத்தி, உராய்வைக் கொஞ்சம் பெருக்குகிறது, அவ்வளவே. இரு பக்கமும் சேர்த்து ஒரு பட்டை முக்கால் டன் அழுத்தம் தருவதாகக் கணக்கிட்டால், அந்த மூன்றரை டன் குறையை ஈடுகட்டப் பத்துக்கு மேற்பட்ட பட்டைகள் தேவைப்படும். பட்டை செங்குத்தாக இறங்காமல் முப்பது பாகைச் சாய்வில் படுத்துக் கிடந்தால் அழுத்தம் பாதியாகிவிடுகிறது. பட்டைகளின் எண்ணிக்கையோ இரட்டிக்கிறது.

இதைக் கேட்டதும் எந்தத் தொழிலாளியும், இத்தனை பட்டைக்கு எங்கே போவது என்றுதான் கேட்பான். அது நியாயமான கேள்வி. அதற்கு விடையும் இருக்கிறது. யந்திரத்துக்கு அடியில் அதற்கென்றே செய்த ரப்பர் விரிப்பை வைத்தால் பிடி நூற்றுக்கு அறுபதாக உயர, ஐந்து பட்டைகளில் காரியம் முடிகிறது. அதைவிடச் சிறந்த வழி, யந்திரத்தை வண்டியின் முன்சுவரோடு ஒட்டி வைத்து, இடைவெளியைக் கட்டைகளால் அடைத்துவிடுவது. சுவர் தாங்கக்கூடியதாக இருந்தால், முன்னோக்கிய பாய்ச்சல் முழுவதையும் அது ஏற்றுக்கொள்ளும். பக்கவாட்டுக்கு மட்டும் இரண்டே பட்டைகள் போதும். பத்துப் பட்டைகள் செய்யவேண்டிய வேலையை ஒரு சுவரும் சில மரக்கட்டைகளும் செய்துவிடுகின்றன என்பதை ஒருமுறை கண்ணால் கண்டவன், அதன்பின் சரக்கை வண்டியின் நடுவில் அநாதையாக நிறுத்திக் கட்டமாட்டான்.

இந்த அறிவு இல்லாமற்போனால் விளையக்கூடியதை உலகம் முழுவதும் பார்த்த சம்பவம் ஒன்று 2013-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ஆம் தேதி ஆப்கானிஸ்தானத்தில் நிகழ்ந்தது. கவசம் பூண்ட ராணுவ வாகனங்கள் ஐந்தை ஏற்றிக்கொண்டு, எரிபொருள் நிரப்புவதற்காக பக்ராம் தளத்தில் இறங்கிய ஓர் அமெரிக்கச் சரக்கு விமானம், துபாயை நோக்கி மீண்டும் கிளம்பிய சில நொடிகளுக்குள் மூக்கை வானத்தை நோக்கி மிதமிஞ்சி உயர்த்தி, வேகம் இழந்து, தளத்தின் எல்லைக்குள்ளேயே விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த எழுவரும் மாண்டனர். அந்த வாகனங்களுள் சில பன்னிரண்டு டன், சில பதினெட்டு டன். ஒவ்வொன்றுக்கும் இருபதுக்கு மேற்பட்ட பட்டைகள் போடப்பட்டிருந்தன. பட்டைகளில் ஒன்று அறுந்திருந்ததையும், சரக்குச் சற்று அசைந்திருந்ததையும் பக்ராமிலேயே விமானத்தினர் கண்டு பேசிக்கொண்டார்கள் என்பது பிறகு குரல் பதிவுக் கருவியிலிருந்து தெரியவந்தது.

அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது வெளிப்பட்டது சிந்திக்கத்தக்கது. வாகனம் ஒன்றாவது பின்னோக்கி நகர்ந்து, பின்சுவரை உடைத்துக்கொண்டு, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் இறக்கையைத் திருப்பும் யந்திரத்தையும் சிதைத்திருந்தது. ஆகவே விமானிக்கு எவ்வளவு திறமை இருந்திருந்தாலும் விமானத்தை மீட்டிருக்க முடியாது. பட்டைகளைப் போட்டவர் சோம்பேறியல்லர். தம் நிறுவனம் கொடுத்த கையேட்டில் கண்ட முறைப்படி எண்ணிப் போட்டவர். ஆனால் அந்தக் கையேடு, விமானத்தைச் செய்தவர்களும் சரக்குப் பிடிப்பு அமைப்பைச் செய்தவர்களும் எழுதிவைத்திருந்த முக்கியமான எச்சரிக்கைகளை விட்டுவிட்டது; பட்டை எந்தக் கோணத்தில் செல்கிறதோ அதற்கேற்ப அதன் பலம் குறைந்துவிடும் என்ற விஷயத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சாய்வாகச் செல்லும் பட்டையின் பலத்தில் ஒரு பகுதிதான் பின்னோட்டத்தைத் தடுக்கும். மற்றப் பகுதி பக்கத்துக்கும் கீழுக்கும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் விசைகளைக் கூறுபோட்டுக் கணக்கிடக் கற்றுக்கொள்கிறோமே, அந்தப் பாடம் ஓர் ஏட்டில் விடுபட்டதால் ஏழு உயிர்கள் போயின. எண்ணிக்கையை மட்டும் கற்பிக்கும் பயிற்சி எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு இதைவிடத் துக்ககரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

தரையிலும் ஆகாயத்திலும் விசை சில கணங்களே தாக்குகிறது. கடலிலோ அது ஓய்வதே இல்லை. கப்பல் ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் திரும்புவதற்குள், மேல்தளத்தில் அடுக்கிய கண்டெய்னர் பெட்டிகள் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் தள்ளப்படுகின்றன. ஒரு பிரயாணத்தில் இது பல்லாயிரம் முறை நடக்கும். பெட்டிகளை மூலைகளில் கவ்விப் பிடிக்கும் ட்விஸ்ட்லாக்குகளும், கீழடுக்குகளைக் குறுக்காக இழுத்துக் கட்டும் நீண்ட இரும்புத் தண்டுகளும், அவற்றை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள்களும் இந்த இடைவிடாத ஆட்டத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். கப்பல் எவ்வளவு உறுதியாக நிமிர்கிறதோ அவ்வளவு நல்லது என்று சாதாரணமாகத் தோன்றும். உண்மையில் மிதமிஞ்சிய ஸ்திரத்தன்மை கொண்ட கப்பல் வெடுக்கென்று நிமிர்ந்து, கட்டுகளின்மேல் கடும் விசையைச் சுமத்துகிறது. 2019 ஜனவரி முதல் தேதி இரவில் நெதர்லாந்தின் வடக்குத் தீவுகளுக்கு அப்பால் எம்.எஸ்.சி. ஸோயி என்ற ராட்சதக் கப்பல் 342 பெட்டிகளைக் கடலில் இழந்ததற்கு விசாரணையாளர்கள் கண்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. இந்தத் தண்டுகளைக் கையாள்பவர்கள், லாஷிங் ஆட்கள் என்று துறைமுகத்தில் அழைக்கப்படுகிற தொழிலாளிகள், தங்கள் உயரத்தைப்போல இருமடங்குக்கும் மேற்பட்ட இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி, பெட்டிகளுக்கு இடையிலுள்ள குறுகலான சந்துகளில் நின்று, மழையிலும் இரவிலும் மாட்டுகிறார்கள். அவர்கள் நிற்பதற்குச் சரியான மேடையும் தடுப்புக் கம்பியும் வெளிச்சமும் கப்பலின் அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்ற விதி, 2015 முதல் கட்டத் தொடங்கிய கப்பல்களுக்குத்தான் வந்தது. அதற்கு முந்தைய கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கப்பலில் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், பெட்டிக்குள் இருப்பதைக் கட்டியவர் துறைமுகத்திலிருந்து நூறு மைல், ஐந்நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு கிடங்கில் இருந்தவர். கதவு மூடி முத்திரை வைத்தபின் அவர் செய்ததைக் கப்பல் தலைவரால் பார்க்க முடியாது. நெடுங்காலம் எடையைக்கூட நம்பித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு டன்னும் அதற்கு மேலும் கனமுள்ள மூட்டைகளைக் கப்பலில் ஏற்றுமுன் அவற்றின்மேல் எடையைக் குறிக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1929-லேயே ஓர் உடன்படிக்கை செய்தது. ஆயினும் 2007-இல் இங்கிலீஷ் கால்வாயில் உடைந்த எம்.எஸ்.சி. நாப்போலி கப்பலின் மேல்தளத்திலிருந்து மீட்ட சுமார் 660 பெட்டிகளை நிறுத்துப் பார்த்தபோது, 137 பெட்டிகளின் எடை காகிதத்தில் கண்டதைவிட மூன்று டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தது. ஏற்றுமதிப் பெட்டி ஒவ்வொன்றின் எடையையும் சரிபார்த்துச் சான்று தராமல் கப்பலில் ஏற்றலாகாது என்ற விதி 2016 ஜூலை முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. எடை மட்டுமன்று, உள்ளே இருப்பதும் மறைந்தே கிடக்கிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, கடற்கரை நெடுகப் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டிவிட்டு மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில், நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று கசிவதை மாலுமிகள் தீ எழுவதற்குப் பல நாள் முன்பே கண்டிருந்தனர். மூடிய கதவுக்குப் பின்னால் செய்யப்படும் வேலை கடலின் நடுவே வந்து வெளிப்படுகிறது.

பெட்டியும் கயிறும் இல்லாத சரக்குக்கும் இந்த அறிவு வேண்டும். இரும்புத் தாதுத் தூளும் பாக்சைட்டும் பார்வைக்கு உலர்ந்த மண்ணைப்போலவே இருக்கும். ஆனால் ஈரம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், கப்பலின் அதிர்வில் துகள்கள் நெருங்க, இடையிலுள்ள நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் பெற்று, குவியல் முழுவதும் குழம்பாகி ஒரு பக்கமாக ஓடிவிடும். 2009 ஜூலையில், பருவமழையின் நடுவே, மங்களூருக்கு அப்பால் ஏஷியன் ஃபாரஸ்ட் என்ற கப்பல் இரும்புத் தாதுத் தூளுடன் கவிழ்ந்தது. 2015-இன் தொடக்கத்தில் வியட்நாமுக்கு அப்பால் பாக்சைட் ஏற்றிய பல்க் ஜுபிடர் மூழ்கியபோது பத்தொன்பது பேரில் ஒருவரே பிழைத்தார். இதை முன்கூட்டி அறிய, சர்வதேச விதிநூல் ஒரு தகர டப்பாவைத் தருகிறது. டப்பாவில் பாதியளவு தாதுவை நிரப்பி, சுமார் இருபது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான மேஜையின்மேல் இருபத்தைந்து முறை ஓங்கித் தட்டினால், மேற்பரப்பில் நீர் கசிந்தாலோ குழம்பினாலோ, ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பு வரும்வரை ஏற்றுதலை நிறுத்திவிட வேண்டும். கசியாவிட்டால் சரக்கு நல்லதுதான் என்று முடிவு கட்டிவிடலாகாது என்றும் அந்த நூல் எச்சரிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் செய்யக்கூடிய பரிசோதனை இது.

2014-இல் சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனமும், தொழிலாளர் ஸ்தாபனமும், ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதாரக் கமிஷனும் சேர்ந்து வெளியிட்ட பெட்டி நிரப்புதல் பற்றிய விதிநூல், தொழிலாளியின் பயிற்சிக்கென்றே தனி அத்தியாயம் வகுத்திருக்கிறது. நூல் நல்ல நூல். ஆனால் அது கிடங்கின் மேலாளருடைய அலமாரியில் இருக்கிறது. லோடுமேனின் கைக்கு வருவது, ஒரு படத்தைப் போட்டுக் காட்டி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் அரைமணி நேரந்தான். அதைப் பயிற்சி என்று அழைக்க என் மனம் இடந்தரவில்லை. பலகையைச் சாய்க்கும் சோதனையை அவனே தன் கையால் செய்து பார்க்க வேண்டும். கட்டி முடித்த லாரியைச் சாய்த்து நிறுத்தி, தான் கட்டியது எந்தக் கோணத்தில் விட்டுக்கொடுக்கிறது என்பதை அவனே கண்டறிய வேண்டும். பட்டையின் அட்டையிலுள்ள இரண்டு எண்களையும் அவனுடைய தாய்மொழியிலேயே அவனுக்கு விளக்க வேண்டும். அதோடு, பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை வாங்கும் இடத்தில், கூடுதலாக ஒரு மணி நேரம் செலவழித்துக் கட்டைகளை அடைப்பவன் தன் வயிற்றிலிருந்துதான் அந்த மணியைக் கொடுக்கிறான். அந்த மணிக்கும் கூலி தராத முதலாளி எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் பலன் ஏற்படாது.

பக்ராம் விபத்தை விசாரித்த வாரியம் 2015-இல் தன் அறிக்கையை முடித்தபோது, விமானிக்கும் பழுதுபார்ப்பவருக்கும் சான்றிதழ் கேட்கும் சட்டம், சரக்கைக் கட்டுபவருக்கு எந்தச் சான்றிதழையும் கேட்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. விசேஷச் சரக்குகளை ஏற்றுவதற்கும் கட்டுவதற்கும் பொறுப்பானவர்களுக்கு அரசாங்கமே சான்றிதழ் வழங்க வேண்டும், அவர்களுக்குப் பயிற்சித் தரமும் வேலை நேர வரம்பும் நிர்ணயிக்க வேண்டும் என்று அது சிபாரிசு செய்தது.